ஒதுங்கியிருந்தவர் யார்?

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு கவிதை நூல் வெளியீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். எழுதியவர் ஒரு கிராமத்துப் பெண். அவரை அறிமுகஞ் செய்ய எழுந்த அறிஞர் அரைமணி நேரம் பேசினார். நூலிலுள்ள ஒரு கவிதையைக்கூட அவர் தொடவில்லை. "இவர் தம் வீட்டுப் படலையைத் தாண்டாதவர், எவரோடும் பழகாதவர், எழுதியதை எவருக்கும் காட்டாதவர், ஆகையாலேயே இவருடைய கவிதை மாசுபடாதது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சபை கைதட்டியது. நாமும் தட்டினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அந்த அம்மையார் மேடையின் ஓரத்தில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். ஏற்புரை சொல்ல அவருக்கு நேரம் எஞ்சவில்லை.

வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் கைதட்டல் நம்மை உறுத்தத் தொடங்கியது. எதைப் புகழ்ந்தோம்? ஒரு பெண் வாய்திறவாதிருந்ததைப் புகழ்ந்தோம். வாய்திறந்த ஒரு பெண்ணுக்கு இதே வன்னி மண் தந்ததென்ன என்பதை அந்த மண்டபத்தில் ஒருவரும் நினைக்கவில்லை.

அந்த அறிஞர் ஒருவரோடு நிற்கும் பேச்சல்ல இது. 'ஒதுங்கி வாழும் கிராமத்துப் பெண் கவி' என்ற சித்திரம் நமது விமர்சன உலகில் ஒரு மோகமாகவே வளர்ந்திருக்கிறது. கலை கலைக்காகவே என்று ஒரு காலத்தில் வெளிப்படையாக முழங்கியவர்கள், அந்தக் கொடி கிழிந்த பிற்பாடு, இந்தப் பெண்ணின் முந்தானைக்குள் அதே கொடியை மறைத்துக் கொண்டு வருகிறார்கள். சமுதாயத்தைப் பற்றி அவள் பேசவில்லையாம். ஆதலால் அவள் தூயவளாம். எழுத்தை அச்சிடக் கேட்கவில்லையாம். ஆதலால் அவள் மெய்க்கவியாம். ஓர் ஆண் கவிஞன் இருபது ஆண்டு எழுதி ஒருவரும் அச்சிடாவிட்டால் அதை அநீதி என்கிறோம். அதுவே ஒரு பெண்ணுக்கு நேர்ந்தால் அதைத் துறவு என்று கொண்டாடுகிறோம்.

இவர்கள் சான்றுக்கு இழுத்துவரும் பெயர் அமெரிக்கக் கவி எமிலி டிக்கின்சன். 1830இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து அம்ஹெர்ஸ்ற் ஊரில் பிறந்தவர்; பிற்காலத்தில் வீட்டை விட்டு வெளிவராமலே வாழ்ந்து 1886இல் மறைந்தவர். ஏறத்தாழ 1800 கவிதைகளை எழுதினார். உயிரோடிருந்த காலத்தில் அச்சேறியவை பத்து வரையில்தான். அவருடைய மேதைமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த அன்பர்கள் அவருடைய வீட்டையும் சேர்த்துச் சொல்லட்டும். தந்தை வழக்கறிஞர், நாட்டின் காங்கிரஸ் சபையில் அமர்ந்தவர். வீட்டில் அவருக்கென ஓர் அறை, அறைக்குள் ஒரு மேசை, அடுப்படியில் வேலை செய்ய மார்கரெற் மஹர் என்ற அயர்லாந்துப் பெண். கதவைச் சாத்திக் கொள்ளக் கதவு இருந்தது! அவர் இறந்தபின் பெட்டியிலிருந்த கையெழுத்துக் கட்டுகளை எடுத்துக் கொடுக்க ஒரு தங்கை இருந்தார். 1890இல் முதல் தொகுதி வந்தது. பதிப்பித்தவர்கள் அவருடைய நிறுத்தக் குறிகளையும் சொற்களையும் தம் விருப்பப்படி திருத்தினார்கள். அவர் எழுதியபடியே முழுத் தொகுதியும் வெளிவர 1955 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பணமும் பல்கலைக்கழகங்களும் நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை.

இனி வன்னிக்கு வருவோம். ஓமந்தையிலோ ஒட்டுசுட்டானிலோ தருமபுரத்திலோ கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவதற்கு எந்தப் பெண்ணுக்கு அறை இருந்தது? காலபோகத்தில் களை பிடுங்குகிறாள். கதிர் முற்றினால் குருவி விரட்டுகிறாள். அரிவு வெட்டுக் காலத்தில் குனிந்த முதுகு நிமிர்வதற்குள் பொழுது சாய்கிறது. வீடு வந்தால் அடுப்பு. தண்ணீர் எடுக்கக் கிணறோ குளமோ எவ்வளவு தொலைவு என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். எடுப்பவள் மட்டும் வேறுபடமாட்டாள். மலையகத் தோட்டங்களிலிருந்து 1958, 1977 ஆண்டுகளின் வன்செயல்களால் விரட்டப்பட்டு வந்து கிளிநொச்சி, வவுனியாக் காட்டோரங்களில் குடியேறிய பெண்களுக்கு அந்த வீடும் இல்லை. பிறர் வயலில் கூலி; பிறர் காணியில் குடிசை. இந்தப் பெண் 'ஒதுங்கி' இருக்கிறாள் என்று சொல்வதற்குப் பட்டணத்து நாற்காலி ஒன்று தேவைப்படுகிறது.

ஆனாலும் அவள் பாடினாள். தாலாட்டும் ஒப்பாரியும் வயற்பாட்டும் அவள் வாயிலிருந்து வந்தவை. இவை இலக்கியமே அல்ல என்று பண்டிதர்கள் தள்ளிய காலத்தில், இவையே மக்கள் இலக்கியம் என்று எடுத்துக் காட்டியவர்கள் முற்போக்காளர்கள். தமிழகத்தில் நா. வானமாமலையும் ஈழத்தில் மு. இராமலிங்கமும் வன்னியில் மெற்றாஸ்மயிலும் இத்துறையில் உழைத்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். எனினும் நமது வீட்டுக் குறையையும் சொல்லியே ஆகவேண்டும். நாட்டார் பாடல் நூல்கள் பெரும்பாலானவற்றைப் புரட்டிப் பாருங்கள். தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும். அணிந்துரை வழங்கியவர் பெயர் பட்டங்களுடன் இருக்கும். பாடியவள் பெயர் இராது. 'மக்கள் படைப்பு' என்று சொல்லிவிட்டோம். மக்கள் என்பதற்குள் அவளைக் கரைத்துவிட்டோம். ஒப்பாரியை எடுத்துக்கொள்வோம். இறந்தவன் எந்த வயலை உழுதான், எந்தக் கடனை அடைக்காமல் போனான், எந்த மகளைக் கரைசேர்க்காமல் கண்மூடினான் என்பதையெல்லாம் வழக்கமான சந்தத்துக்குள் அன்றைக்கே, அந்த முற்றத்திலேயே புதிதாக இட்டுக் கட்டுகிறாள் ஒருத்தி. சந்தம் ஊருடையது, கட்டியது அவள். அது எழுதாக் கவிதை என்பதால் ஆசிரியரில்லாக் கவிதை ஆகிவிடுமா? தலைவனுக்குத் தூது சென்ற ஒளவையைக் கோலூன்றிய கிழவியாக்கி ஆத்திசூடியோடு உட்கார்த்தி வைத்த மரபல்லவா நமது மரபு! பெண் பாடினால் வயதையோ தெய்வீகத்தையோ அநாமதேயத்தையோ அவள்மேல் போர்த்தாமல் நமக்கு உறக்கம் வராது.

பெயரில்லாதவளைப் பற்றி இவ்வளவு போதும். பெயருள்ள ஒருவருக்கு என்ன செய்தோம் என்பதுதான் நம்மைச் சுடும் கேள்வி.

வவுனியா மாவட்டத்தில், ஓமந்தைப் பக்கத்தில் சேமமடு என்று ஒரு விவசாயக் கிராமம். குளமும் வயலும் காடும் சேர்ந்த ஊர். அங்கே பிறந்தவர் செல்வநிதி தியாகராசா. செல்வி என்ற பெயரில் எழுதினார். அந்தக் கிராமத்திலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சென்று நாடகமும் அரங்கியலும் பயின்றார். படலைக்குள் இருந்தாரா? 'தோழி' என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தினார். நாடக மேடையில் நின்றார். போரால் நாதியற்றுப் போன பெண்களுக்காக யாழ்ப்பாணத்தில் இயங்கிய பூரணி இல்லத்தில் உழைத்தார். வன்னிக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் அந்நாளைய யாழ்ப்பாணத்தில் இவ்வளவையும் செய்வது எளிதான காரியமென்று எண்ணுவோர் அந்நாட்களை அறியாதவர்கள்.

1986இல் இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடின. 1987இல் இந்தியப் படை வந்தது. 1989 செப்டம்பர் 21ஆம் நாள் பல்கலைக்கழக மருத்துவ ஆசிரியையும் பூரணி இல்லத்தை உருவாக்கியவர்களுள் ஒருவருமான ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் இந்தியப் படை வெளியேற, ஜூனில் மீண்டும் போர் மூண்டது. அக்டோபரில் வடபகுதி முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள், முல்லைத்தீவு முஸ்லிம்கள் உட்பட. 1991 மே மாதத்தில் சிவரமணி என்ற இளங் கவிஞர் தம் கவிதைகளைத் தீயிலிட்டுத் தம் உயிரையும் முடித்துக் கொண்டார். அதற்கு மூன்று மாதம் கழித்து, 1991 ஆகஸ்ட் 30ஆம் நாள், விடுதலைப் புலிகள் செல்வியைப் பிடித்துச் சென்றார்கள். அப்போது அவர் மூன்றாம் ஆண்டு மாணவி. எந்த மன்றத்தின் முன்னும் அவர் நிறுத்தப்படவில்லை. குற்றம் இன்னதென்று எவரும் பகிரங்கமாகச் சொல்லவில்லை. 1992இல் அமெரிக்கப் 'பென்' எழுத்தாளர் அமைப்பு தன் எழுத்துச் சுதந்திர விருதை அவருக்கு வழங்கியது. அதை வாங்க அவர் வரவில்லை. தடுப்பிலேயே கொல்லப்பட்டார் என்ற செய்தி ஆண்டுகள் பல சென்ற பிறகே வெளிவந்தது. உடலுமில்லை, புதைத்த இடமுமில்லை.

இதுவா ஒதுங்கிய வாழ்வு?

அவருடைய கவிதைகளில் தனிமை உண்டு. காத்திருந்து களைத்த மனம் உண்டு; வெளிச்சத்துக்கான தவிப்பும், சுற்றி நிற்கும் மனித முகங்களில் இரத்த வேட்கையைக் கண்ட அருவருப்பும் உண்டு. இந்தத் தனிமையைப் பிடித்துக்கொண்டு 'மென்மையான உள்ளம், உலகம் தாங்கவில்லை' என்று உருகும் இரசிகர்களை நாம் கண்டிருக்கிறோம். உலகம் தாங்கவில்லை என்பது உண்மை, எதைத் தாங்கவில்லை? ஒரு பெண் சஞ்சிகை நடத்துவதைத் தாங்கவில்லை. கேள்வி கேட்பதைத் தாங்கவில்லை. அவர் கவிதையிலுள்ள தனிமை பிறவிக் குணமாக வந்ததல்ல. பேசத்தக்கவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டும் ஊரைவிட்டு ஓடியும் போன பிறகு எஞ்சி நின்றவரின் தனிமை அது. ஆண்டும் திகதியும் இட்டுப் படிக்கவேண்டிய தனிமை.

அவருடைய மரணத்தைக் கையாளும் முறையில் நம்மிடையே இருவகை அன்பர்கள் இருக்கிறார்கள். ஒருவகையினர் அவர் பெயரையே எடுப்பதில்லை. ஈழத்துக் கவிதை வரலாற்றைத் தீட்டும்போது எண்பதுகளின் இறுதி வந்ததும் பக்கம் சட்டென்று புரண்டுவிடுகிறது. இராணுவம் கொன்ற கவிக்கு மலர்மாலை. நம்மவர் கொன்ற கவிக்கு மௌனம். இரண்டாம் வகையினர் அவர் பெயரை மட்டுமே எடுக்கிறார்கள். புலிகளை ஏசுவதற்கு ஒரு கல் தேவைப்படும் ஒவ்வொரு மேடையிலும் செல்வி கல்லாகிறார். அவருடைய கவிதையில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். முதல்வகையினர் அவரை இரண்டாம் முறை புதைக்கிறார்கள். இரண்டாம் வகையினர் படிக்காமலே தோண்டி எடுக்கிறார்கள்.

நமது அணி மட்டும் யோக்கியமா? அக்காலத்தில் எத்தனை முற்போக்காளர்கள் வெளிப்படையாகக் குரல் கொடுத்தார்கள்? உள்ளே இருந்தவர்களுக்கு உயிரச்சம். அதை நாம் எள்ளி நகையாடமாட்டோம். கடலுக்கு அப்பாலிருந்தவர்களுக்கு என்ன அச்சம்? 'போராட்டம் பலவீனப்பட்டுவிடும்' என்ற ஒரே வாக்கியத்தின் கீழ்ப் பலர் பாதுகாப்பாக அமர்ந்திருந்தார்கள். ஒரு கவியைப் பிடித்து வைப்பதால் பலம்பெறும் போராட்டம் எத்தகையது என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் நாமே. கேட்டவர்கள் சிலர், அவர்களுடைய பெயர்களும் நன்றியுடன் நினைக்கப்படுவதில்லை.

'பழம் புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்? 2009இல் அரசு செய்ததோடு ஒப்பிட்டால் இது எம்மட்டு?' என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியை வன்னியிலேயே வைத்து விசாரிப்போம். 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. இடையில் ஒரு மக்கள்திரள் முழுவதும் குண்டுகளுக்கிடையே மேற்கிலிருந்து கிழக்கே ஊர் ஊராகத் துரத்தப்பட்டது. எஞ்சியவர்கள், மூன்று இலட்சத்துக்குக் கிட்டியவர்கள், செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். பிள்ளையை இடுப்பிலும் அரிசியைத் தலையிலும் சுமந்து ஓடிய பெண் தன் கவிதைக் கொப்பியையும் சுமந்திருப்பாளா? வன்னியில் எத்தனை பெண்கள் எழுதினார்கள், எத்தனை கொப்பிகள் பதுங்கு குழியின் மண்ணோடு மக்கிப்போயின என்ற கணக்கு எந்த இலக்கிய வரலாற்றிலும் வராது. அதற்குப் பொறுப்பான அரசை நாம் எக்காலத்தும் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் பெரிய கொலையைக் காட்டிச் சின்னக் கொலையை மறைக்கும் எண்கணிதத்தை, பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாயிடமாவது இவர்கள் சொல்லிப் பார்க்கட்டும்.

அந்தத் தாய்மார் எங்கே இருந்தார்கள்? 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னே, காணாமல் ஆக்கப்பட்ட தம் உறவுகள் எங்கே என்று கேட்டு அவர்கள் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். சில நாட்களில் வவுனியாவிலும், பின்னர் முல்லைத்தீவிலும் பந்தல்கள் எழுந்தன. வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். விடை கிடைக்காமலே அந்தப் பந்தல்களில் மூத்து இறந்துபோன பெற்றோர் பலர். அங்கே அந்தத் தாய்மார் அழுததைச் செய்தியாளர்கள் 'கதறல்' என்று ஒரு சொல்லில் எழுதி முடித்தார்கள். நின்று கேட்டவனுக்குத் தெரியும், அது ஒப்பாரியின் சந்தம். ஆனால் ஒப்பாரி செத்தவனுக்குப் பாடுவது. மகன் செத்தான் என்று ஒப்புக்கொள்ளாத தாய் அந்தச் சந்தத்தை எடுத்து, அதில் மரணத்தை வைக்காமல் கேள்வியை வைத்துப் பாடினாள். கையளித்த இடத்தைச் சொல்லி, கூட்டிச் சென்ற பேருந்தைச் சொல்லி, அன்று அவன் உடுத்திருந்த சட்டையைச் சொல்லி, எங்கே என்று கேட்டாள். பழைய வடிவம் ஒன்றுக்குள் புதிய பொருள் இப்படிப் புகுந்ததை ஏடுகளில் நிகழ்ந்திருந்தால் நமது விமர்சகர்கள் 'பரிசோதனை' என்று பெயரிட்டுக் கருத்தரங்கு வைத்திருப்பார்கள். தெருவோரத்தில் நிகழ்ந்ததால் கடந்து சென்றார்கள். அவர்களுக்குக் கிராமத்துப் பெண் கவி வீட்டுக்குள் அல்லவா இருக்கவேண்டும்!

இதே வன்னியில், வற்றாப்பளையில், வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கேற்றிக் கண்ணகியை வணங்குகிறார்கள். படலைக்குள் இருந்த கண்ணகியை எவரும் தெய்வமாக்கவில்லை. ஒற்றைச் சிலம்போடு தெருவில் இறங்கி, அரசன் முகத்துக்கு நேரே நியாயம் கேட்டவளைத்தான் கல்லில் வடித்து வைத்திருக்கிறார்கள். கல்லாக இருக்கும்வரை கும்பிடுவதில் நமக்குச் சிரமமில்லை.

செல்வியின் கவிதைகளைப் பற்றி ஒரு சொல். அவரையும் சிவரமணியையும் எப்போதும் சேர்த்தே பேசுகிறோம். இருவர் கவிதைகளையும் ஒரே அட்டைக்குள் கட்டித் தமிழகத்தில் நூலாகவும் வெளியிட்டார்கள். வெளியிட்டவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. அந்த நூல் இல்லாவிடில் பலர் இவர்களைப் படித்தே இருக்கமாட்டார்கள். எனினும் ஒரே ஆண்டில் நேர்ந்த இரு துயரங்கள் இரு கவிகளை ஒரு கவியாக்கிவிடா. ஒருவர் யாழ்ப்பாணத்தின் மகள். மற்றவர் வன்னிக் கமக்கார ஊரிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போனவர். இந்த வேற்றுமை கவிதைக்குள் எவ்வாறு தொழிற்படுகிறது என்று எவராவது ஆராய்ந்தால் அதுவே செய்யத்தக்க மரியாதை. செல்வியின் கவிதைகள் தொகையிற் சிலவே. அவற்றிலும் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. ஒருசிலவற்றில் உணர்ச்சி உருப்பெறாமல் அறிக்கையாகவே நின்றுவிடுகிறது என்பது நமது கருத்து. இதைச் சொல்வது அவருக்குச் செய்யும் அவமதிப்பு என்று ஒரு நண்பர் நம்மைக் கடிந்தார். படித்துக் குறைகாண்பதைவிடப் படிக்காமல் விளக்கேற்றுவதே பெரிய அவமதிப்பு என்று அவருக்கு விடை சொன்னோம்.

2021 முதல் வவுனியாவுக்கே தனிப் பல்கலைக்கழகம் உண்டு. சேமமடுவிலிருந்து ஒரு பெண் இன்று படிக்க யாழ்ப்பாணம் செல்ல வேண்டியதில்லை. அங்கே பயிலும் மாணவரிடம் தம் மாவட்டத்தில் பிறந்த இந்தக் கவியின் பெயரைக் கேட்டுப் பார்க்கும்படி வாசகர்களை வேண்டுகிறோம். விடையை நமக்கு எழுதுங்கள். நாம் பிழைபட்டிருந்தால் மகிழ்ச்சியோடு திருத்திக் கொள்வோம்.

சிலை வேண்டும், வீதிக்குப் பெயர் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. 'தோழி' இதழ்களில் எது எவரிடம் கிடக்கிறதோ, புலம்பெயர்ந்த வீடுகளின் பழம்பெட்டிகளில் எந்தக் கடிதத்தோடு எந்தக் கவிதை மடிந்து கிடக்கிறதோ, அவற்றை வெளியே எடுக்க வேண்டும். எழுதியபடியே, திருத்தாமல், எழுதிய திகதி தெரிந்தால் அதையுமிட்டு ஒரு முழுப்பதிப்பு வரவேண்டும். அதைப் போலவே, வன்னியில் இன்னும் பாடக்கூடிய மூதாட்டிகளிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு செல்லும் இளைஞர்கள், பாட்டைக் கேட்பதற்கு முன்னர் 'அம்மம்மா, உங்கட பேர் என்ன?' என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர் பெயரைப் போட விரும்பாவிட்டால் அது அவருடைய உரிமை. கேட்காமல் விடுவதற்கு நமக்கு உரிமையில்லை.

நாம் முதலிற் சொன்ன வெளியீட்டு விழாவில் வாங்கிய நூலைப் பின்னர் இருமுறை படித்தோம். நான்காம் பக்கத்துக் கவிதை, முகாமில் தண்ணீருக்காக வரிசையில் நின்றதைப் பற்றியது. எவரோடும் பழகாதவர் என்று அந்த அறிஞர் புகழ்ந்த அம்மையார், அந்த வரிசையில் தமக்கு முன்னே நின்ற ஒன்பது பெண்களையும் அவரவர் ஊரோடு சேர்த்துக் கவிதையில் எழுதி வைத்திருக்கிறார். அவரிடம் அச்சேறாத கொப்பிகள் வேறும் உண்டு என்று அறிகிறோம். அடுத்த மாதம் அவர் ஊருக்குப் போகிறோம். படியெடுக்கும் செலவை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.